வெயிலில் மல்லுக்கு நிற்கும் அம்பாசிடர்

கேள்வி: அப்பா ஓட்டிய பெட்ரோல் அம்பாசிடர். சித்திரை வெயிலில் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போய், சாமி கும்பிட்டுத் திரும்பினால் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி கழித்துத் தானாகக் கிளம்புகிறது. ஏன்?
- காரைக்குடி வாசகர்

பதில்: ஆறியதும் கிளம்புகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பழைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் பம்ப் இன்ஜினிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஓடும்வரை காற்று படும். நிறுத்தியதும் இன்ஜின் சூடு பம்பில் ஏறி, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைத் தள்ள பம்பால் முடியாது. அந்தக் கால டிரைவர்கள் பம்பில் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். இன்றைக்கும் அது பலிக்கும்.

துணி சுற்றியும் அசையவில்லையா? சந்தேகம் இக்னிஷன் காயில் மேல் போக வேண்டும். சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்பெறுவது தேய்ந்த காயிலின் குணம்.

இன்னொன்று முக்கியம். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். அழுத்தினால் பிசுபிசுக்கும், வெடிப்பு விட்ட குழாயை அன்றே மாற்றிவிட வேண்டும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும், எத்தனால் தாங்கும் குழாயை அளவு சொல்லி வெட்டி வாங்கலாம்.