பெயர் மாறும், கண் மாறாது



"திருப்பி அனுப்பிட்டா என்னக்கா? பேரை மாத்திப் புது பாஸ்போர்ட் எடுத்தா மறுபடி துபாய் போகலாம்னு ஏஜெண்ட் சொல்றாரு." மேலூர்ப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் நாம் கேட்ட பேச்சு இது. உண்மை என்ன?

துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் 2001-லேயே கண் பதிவு தொடங்கிவிட்டது. வெளியேற்றப்பட்டவர்களின் கண்ணைப் படமெடுத்துக் கணினியில் சேர்த்தார்கள். வந்து இறங்குகிறவர் கண்ணை அதோடு ஒப்பிட்டார்கள். பெயர் வேறாக இருந்தாலும் ஆள் அகப்பட்டார்.

ஏன் கண்? பாப்பாவைச் சுற்றியுள்ள வளையத்தின் நுண்கோடுகள் இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ஒன்றுபோல் இருக்காது. பாத்திரம் தேய்த்துக் கைரேகை மங்கலாம். கண் அப்படியே இருக்கும். ஆதாருக்கு நம்மிடம் எடுத்ததும் இதே பதிவுதான். சிலர் பாப்பாவை விரிக்கும் சொட்டுமருந்து போட்டுப் பார்த்தார்கள். அதையும் கண்டுபிடிக்கக் கருவியைச் சரிசெய்துவிட்டார்கள்.

பணம் ஏஜெண்டுக்கு, விமான நிலையத்திலிருந்தே திரும்புவது நாம். அடகு வைத்த நகையும் போச்சு. பொய்த் தகவல் தந்து பாஸ்போர்ட் எடுப்பது நம் நாட்டிலும் குற்றம்.

ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் கேட்கலாம்.

குழுவில் பேசுவோம்: நம் ஊரில் வெளிநாட்டு வேலைக்குப் பணம் கேட்பவர் யார்? அவரிடம் பதிவு எண் கேட்டோமா?