பொருநையின் கடையணை: திருவைகுண்டம்

ஓர் ஊரின் இயல்பை அறிய விழைவோர் முதற்கண் அவ்வூர்க்கு நீர் எவ்வழி வருகின்றதென்று வினவுதல் நலம். தூத்துக்குடி மாவட்டத்துத் திருவைகுண்டத்திற்கு அவ்வினாவின் விடை எளிது. பொருநையெனப்படும் தாமிரபரணியின் வடகரையிலேயே அவ்வூர் அமைந்துளது. எனினும் அந்நீர் யார்க்குரியது என்னும் வினா அத்துணை எளிதன்று.

பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கும் இவ்வாற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள. கோடைமேலழகியான் முதல் மருதூர் ஈறாகவுள்ள ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டாவதும் இறுதியுமாகிய திருவைகுண்டம் அணை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. அதனின்று வடகால், தென்கால் என இரு கால்கள் பிரிந்து, குளங்களை நிரப்பி, நெல்லும் வாழையும் விளையச் செய்கின்றன. வடகாலின் நீர் தூத்துக்குடியை அடுத்த கோரம்பள்ளம் குளம்வரை செல்லும். தென்மேற்குப் பருவமழை கார்ப்பயிரையும், வடகிழக்குப் பருவமழை பிசானப் பயிரையும் காத்தல் இந்நாட்டு வழக்கம். மேலணைகள் ஏழும் கொண்டது போக எஞ்சிய நீரே இங்கு வருதலின், மழை குன்றிய ஆண்டில் முதலில் வாடுவது இக்கடைமடை நாட்டின் கார்ப்பயிரேயாம்.

ஆறு பயிரை மட்டும் வளர்த்ததன்று. நவதிருப்பதிகளுள் ஒன்றாகிய கள்ளபிரான் கோயிலும், நவகயிலாயங்களுள் ஒன்றாகிய கயிலாசநாதர் கோயிலும் இவ்வூரின்கண் உள்ளன. காசியில் மடம் நிறுவிய குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் இங்குப் பிறந்தவர். எதிர்க்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பிலே 1876-இல் ஜாகர் என்னும் ஜெர்மானியரும், பின்னர் அலெக்சாந்தர் ரீயும் அகழ்ந்து, முதுமக்கட்டாழிகளையும் வெண்கலம், இரும்பு, பொன் ஆகியவற்றாலான பொருள்களையும் கண்டனர். இவ்வாற்றங்கரையில் மக்கள் வாழ்ந்த காலத்தின் பழமையை அத்தாழிகள் காட்டும்.

ஊரினுள் கோட்டைப் பிள்ளைமார் வாழ்ந்த மண்மதிற் கோட்டையொன்றிருந்தது. அம்மரபின் பெண்டிர் மதிலைக் கடந்து வெளியே வருதல் வழக்கமன்று. இதனைப்பற்றிக் கமலா கணேஷ் எழுதிய ஆராய்ச்சி நூல் 1993-இல் வெளிவந்தது. விந்தையென்று இதனைக் கேட்டுச் செல்வார் பலர். யாமோ, ஆற்றங்கரையூரிற் பிறந்தும் ஆற்றைக் காணாது வாழ்ந்த அம்மகளிரை எண்ணியே நெடிது நின்றோம். அக்குடும்பங்கள் இப்பொழுது கோட்டையில் இல்லை.

இனி, நீர்வழக்கிற்கு வருவோம். இவ்வணையிலிருந்து நாடோறும் 2 கோடி கேலன் நீரைத் தூத்துக்குடித் தொழிற்சாலைகட்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை உழவர் எதிர்த்தனர். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. தொழிலும் வேண்டும், தொழிலாளர்க்குச் சோறும் வேண்டும் என்பதை யாம் மறுக்கிலேம். ஆயினும் கடைமடையிலிருப்போன் தன் வயலுக்கு வராத நீர் குழாய்வழியே செல்லக் கண்டு வருந்துதல் இயல்பன்றோ? அணையினுட் படிந்த மண்ணோ நீர் நிற்கும் இடத்தைக் குறைத்தது. ஆற்று மணலோ வேறிடங்கட்கு அள்ளிச் செல்லப்பட்டது. வேண்டாத இடத்து மண் சேர்தலும், வேண்டிய இடத்து மணல் போதலும் ஒரே ஆற்றில் நிகழ்ந்தமை காண்க. இவ்வூரிற் பிறந்த நல்லகண்ணு அவர்கள் மணற்கொள்ளைக்கெதிராக உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாமே வழக்காடினார். 2010-இல் நீதிமன்றம் தாமிரபரணியில் மணல் அள்ளுதற்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. அப்போது அவர்க்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.

நீர்க்குறையால் வருந்தும் இந்நிலமே 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நீர்மிகையால் அழுந்தியது. அணித்தேயுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பெய்தது. திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி, தண்டவாளத்தின்கீழ் மண்ணும் சரளையும் அரித்துச் செல்லப்பட்டமையால், திருவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம், வண்டியிலிருந்தோர் ஏறக்குறைய 800 பேர். அண்டையிலுள்ள புதுக்குடி மக்கள், தம் ஊரும் வெள்ளத்தாற் சூழப்பட்டிருந்தும், கிடைத்த அரிசியைக்கொண்டு உணவு சமைத்து அவர்கட்கு அளித்தனர். மூன்றாம் நாள் மீட்புப் படையினர் வந்து பயணிகளை அழைத்துச் சென்றனர். புதுக்குடியார் தம் வீடுகளிற் புகுந்த நீரை இறைக்கத் திரும்பினர்.