கர்ப்பிணிகளும் வீட்டுச் சிறு பிராணிகளும்

ஆடு கோழி வாங்கச் சங்கத்தில் கடன் பெறுபவர் யாராயினும், விடியுமுன் எழுந்து கோழிக்கூட்டைத் திறந்து, எச்சத்தைக் கூட்டி, ஆட்டுப் புழுக்கையை அள்ளி எருக்குழியில் கொட்டுபவள் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. கடலூரை அடுத்த குடிகாடு முதற்கொண்டு சிதம்பரம் வரையிலுள்ள கிராமங்களில் இதை எவரும் காணலாம். 2011-ம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய திட்டத்தின்படி ஏழைக் குடும்பப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் விலையின்றி வழங்கப்பட்டபோதும், கொட்டிலைக் கூட்டும் வேலை அவர்களுக்கே சேர்ந்தது. அப்பெண் கர்ப்பவதியாயிருக்கும் மாதங்களில் இவ்வேலையை யார் செய்வது, எப்படிச் செய்வது என்பதே இப்பாடத்தின் விஷயம். இதை எழுதும் நான் வைத்தியன் அல்லன்; வைத்திய சாஸ்திரம் உறுதியாகக் கண்டவற்றை மட்டும் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்லுகிறேன்.

தீங்கு எங்கிருந்து வருகிறது?

முதலாவது, பூனை. டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரை 1908-ம் ஆண்டு டூனிஸ் நகரத்தில் ஒரு சிறு கொறிபிராணியினிடமும், அதே ஆண்டு பிரேஸில் தேசத்தில் ஒரு முயலினிடமும் கண்டுபிடித்தார்கள். அது கருவிலுள்ள சிசுவையும் பற்றக்கூடும் என்பது 1939-ல் நியூயார்க்கில் நிரூபணமாயிற்று. பூனையின் மலத்தின் வழியாக அது பரவுகிறதென்று தெளிந்தது 1970-ம் ஆண்டை ஒட்டியே. எலியைத் தின்று நோய்பற்றிய பூனை, ஒன்று முதல் மூன்று வாரம் வரை அந்நுண்ணுயிரின் முட்டைகளை மலத்தில் வெளியிடும். அவை ஈரமண்ணில் பல மாதம் அழியாமலிருக்கும். கர்ப்பிணியை இந்நோய் முதன்முதலாகப் பற்றினால் அவளுக்கு இலேசான காய்ச்சலும் கழுத்தில் நெறிகட்டும் உண்டாகலாம். ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஆனால் கரு கலையவும், பிறக்கும் குழந்தையின் கண்ணும் மூளையும் பழுதுபடவும் இடமுண்டு.

இரண்டாவது, எலி இனம். சுண்டெலியிடமும், பிள்ளைகள் விளையாட வாங்கும் வெள்ளெலி, கினிப்பன்றி முதலியவற்றிடமும் மூளையுறையைத் தாக்கும் ஒருவகை வைரஸ் இருக்கலாம். அவற்றின் சிறுநீரும் எச்சமும் உலர்ந்து தூசியாய்க் கிளம்பினால் மூச்சுவழியே உட்செல்லும். தாயிடமிருந்து இது சிசுவைப் பற்றியிருக்கக்கூடும் என்று 1955-ல் இங்கிலாந்து வைத்தியர்கள் எழுதினார்கள். பின்வந்த ஆராய்ச்சிகள் அதை உறுதிசெய்தன. கூண்டின் கீழே சிந்திய தீனி சுண்டெலியை அழைக்கும் என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது, கோழியும் பறவைகளும். நோயின்றிக் காணும் கோழியின் எச்சத்திலும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி இருக்கும். கூண்டுப் பறவைகளின் உலர்ந்த எச்சத்தூள் சிலவேளை நுரையீரலைப் பாதிக்கும். பச்சைக்கிளியையோ, 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வளர்க்கவே கூடாது.

நான்காவது, ஆடு. ஆடு குட்டி ஈனும்போதும், கருச்சிதைவு அடையும்போதும், பனிக்குட நீரிலும் நஞ்சுக்கொடியிலும் கர்ப்பிணிக்குக் கேடு செய்யும் கிருமிகள் மிகுதியாய் இருக்கலாம். ஆகையால் கர்ப்பவதி அந்தப் பிரசவத்துக்குக் கை கொடுக்கவே கூடாது. ஈன்ற குட்டியைத் துடைக்கவும் கூடாது.

பிராணிகளைத் துரத்த வேண்டுமா?

வேண்டுவதில்லை. வீட்டுப் பூனையைத் தொடுவதைக் காட்டிலும் அதன் கழிவைத் தொடுவதே பெரிய அபாயம். கையுறையின்றித் தோட்டமண்ணைக் கிளறுவதாலும், கழுவாத கீரையாலும், சரிவர வேகாத இறைச்சியாலும் அதே நோய் வரும். பிழைப்புக்கு வைத்த ஆட்டையும் கோழியையும் விற்றுவிடுவது அறியாமை. விலக்க வேண்டியது பிராணியை அன்று, துடைப்பத்தை.

ஆகவே முதல் விதி இது: கர்ப்பம் தெரிந்த நாள் முதல் பிரசவம் வரை கூண்டும் கொட்டிலும் கூட்டும் வேலையைப் புருஷனோ, வீட்டிலுள்ள வேறு பெரியவரோ ஏற்கவேண்டும். நம்மில் ஒருவர் அவசரத்துக்குக் கைமாற்று வாங்கித் திருப்பித் தருவதில்லையா? இதுவும் சில மாதக் கைமாற்றே. அசலும் வட்டியும் சுகமான குழந்தையாக வீட்டுக்கே திரும்பும்.

வேறு கை இல்லாத வீட்டில்

தனித்திருக்கும் பெண் தானே செய்யவேண்டி நேர்ந்தால் கீழ்க்கண்ட முறையை அனுசரிக்கவேண்டும்.

1. மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடி, ரப்பர்க் கையுறை அணிக. கதவைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குக.

2. உலர்ந்தபடி கூட்டலாகாது. முதலில் தண்ணீர் தெளித்து எச்சத்தை நனைத்து, பிறகு வாருக.

3. பூனையின் மலத்தைத் தினந்தோறும் அகற்றுக. அது வெளிப்பட்ட ஒருநாள் முதல் ஐந்துநாளுக்குள்தான் அதிலுள்ள முட்டைகள் நோய் பரப்பும் நிலையை அடைகின்றன. அன்றன்று அகற்றினால் அபாயம் பெரிதும் குறையும்.

4. பூனையின் தட்டைச் சுத்திசெய்யப் பிளீச்சிங் பவுடர் போதாது. அம்முட்டைகளை அது கொல்வதில்லை. கொதிக்கும் வெந்நீரே வேண்டும். கோழிக்கூட்டுக்குச் சோப்பு நீரால் கழுவியபின் பிளீச்சிங் நீர் தெளித்து வெயிலில் உலர்த்தலாம்.

5. கூண்டையும் தீனிப்பாத்திரத்தையும் சமையற்கட்டிலோ, குடிநீர்க் குழாயடியிலோ கழுவலாகாது.

6. முடிந்தபின் சோப்பிட்டு இருபது விநாடியாவது கை கழுவுக. ஆட்டுப்பாலைக் காய்ச்சியே அருந்துக.

ஒரு ஆட்சேபம்

"நாங்களெல்லாம் கொட்டில் கூட்டிக்கொண்டேதான் பிள்ளை பெற்றோம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மைதான்; அநேகருக்குத் தீங்கு நேரவில்லை. ஆனால் கரு கலைந்ததையும், குழந்தை பார்வையின்றிப் பிறந்ததையும் அக்காலத்தில் கண்ணேறென்றும் தலைவிதியென்றும் சொல்லிவிட்டார்கள்; காரணத்தைத் தேடியவர் இல்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும்: கருச்சிதைவுக்குக் காரணங்கள் பல. ஏதேனும் நேர்ந்துவிட்டால் "நீ பூனையைத் தொட்டதனால்தான்" என்று அப்பெண்ணைப் பழிப்பது அறமன்று. இந்தப் பாடம் முன்னெச்சரிக்கைக்கே உரியது, பழிசொல்வதற்கன்று.

கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே கிராம சுகாதாரச் செவிலியரிடம் வீட்டில் என்னென்ன பிராணிகள் உள்ளன என்று சொல்லிவிடுக. காய்ச்சல், நெறிகட்டு, ஓயாத தலைவலி, வயிற்றுப்போக்கு இவை கண்டால் தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுக. கர்ப்பகாலத்தில் கொடுக்கத்தக்க மருந்துகள் உள்ளன. ஆலோசனைக்கு 104, அவசர வண்டிக்கு 108 என்னும் எண்களில் பேசலாம். ஆடு கரு கலைந்தால் கால்நடை மருந்தகத்துக்கு அறிவிக்கவேண்டும்.

சங்கக் கூட்டத்தில் கேட்கவேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் ஆட்டுக்கடன், கோழிக்கடன் பெற்ற வீடுகளில் இப்பொழுது கர்ப்பிணிகள் உள்ள வீடுகள் எவை?

2. அவ்வீடுகளில் நாளைக் காலை துடைப்பம் எடுக்கப்போகிறவர் யார்?

3. உலர்ந்த எச்சத்தை ஏன் நனைத்துக் கூட்டவேண்டும்?

இரண்டாம் வினாவுக்கு விடையாக ஒரு புருஷனாவது எழுந்து "நான்" என்று சொல்லுவாரேயானால், அன்றைய கூட்டம் வீண்போகவில்லை.