கையெழுத்துப் போடுமுன்

அன்புள்ள தங்கைக்கு,

வண்ணாரப்பேட்டையில் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியே ஃபீஸ் கட்டி உன்னை போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படிக்க அனுப்புவதாகச் சொல்கிறது, ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக ஒத்துக்கொள். ஆனால் கைம்மாறு எதிர்பாராத உபகாரமாக அதை எண்ணிவிடாதே. அது ஒப்பந்தம். ஒவ்வொரு வரியையும் பேசி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

முதலில், படிப்பு ஏன் வேண்டும்? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகமும் ஆலைகளும் வீடுகளோடு ஒட்டிக் கிடக்கும் பகுதி நம்முடையது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அப்படி வருகிறவரின் தலைமாட்டில் ராத்திரி முழுக்க நிற்பது நர்ஸுகளான நாம்தான். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால், டியூப் மடங்கியிருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, இணைப்பு கழன்றிருக்கிறதா என்று அந்த நிமிடமே பார்க்கத் தெரிய வேண்டும். அலாரத்தை அமர்த்த யாருக்கும் தெரியும். அது ஏன் அடிக்கிறது என்று தெரியத்தான் படிப்பு.

போஸ்ட் பேசிக் 2 ஆண்டு முழுநேரப் படிப்பு. நைட் டூட்டி பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. உடம்பும் கெடும், படிப்பும் கெடும். வேலையை விடாமல் படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்திவந்த 3 ஆண்டுப் படிப்பு உண்டு. அதில் சேர ஜி.என்.எம். டிப்ளமோ முடித்து 2 ஆண்டு அனுபவம் வேண்டும். இந்த ஆண்டு சேர்க்கையும் நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு விண்ணப்பி.

அதற்கு மேலே எம்.எஸ்சி. இருக்கிறது. ஐ.சி.யூ.தான் உன் இடம் என்றால் கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் இருக்கிறது. ஐ.சி.யூ.வில் வேலை செய்தபடியே கற்கும் 2 ஆண்டுப் படிப்பு அது. பணியில் இருந்தபடி சேருகிறவருக்கு வழக்கமான சம்பளம் உண்டு என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எச்.ஆரிடம் பேசும்போது அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போ. அமெரிக்காவில் நிர்வாகம் ஊழியருக்குக் கட்டும் படிப்புச் செலவில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. வேலையோடு சேர்ந்த சலுகையாகவே அங்கே அதைப் பார்க்கிறார்கள். நீயும் கூச்சப்படாமல் கேள்.

இனி பாண்ட், அதாவது படித்தபின் இத்தனை ஆண்டு அங்கேயே வேலை செய்வேன், இல்லையென்றால் பணம் கட்டுவேன் என்று எழுதித் தருவது. அது வெறும் காகிதம், கோர்ட்டில் நிற்காது என்று தோழிகள் சொல்வார்கள். தவறு. 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே சமயம், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு உன் பக்கமும் பேசுகிறது: எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கேட்க முடியும். ஆகவே, பணிசெய்த காலத்துக்கு ஏற்பத் தொகை குறைய வேண்டும் என்று எழுதி வாங்கு. அப்படி எழுதியிருந்தால், ஆஸ்பத்திரி 1,60,000 ரூபாய் கட்டி 2 ஆண்டு பாண்ட் போட்டால், ஓராண்டு முடித்து விலகும் நாளில் நீ தர வேண்டியது 80,000, முழுத்தொகை அல்ல. கல்யாணம், பிரசவம், பெற்றோரின் நோய் வந்தால் என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதே. நகல் கொடு, போதும். சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல.

ஃபீஸைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு. படிக்கும் காலத்தில் சம்பளமும் பணித்தொடர்ச்சியும் உண்டா? படித்துத் திரும்பினால் பதவியும் சம்பளமும் உயருமா? பல பெண்கள் இவற்றைக் கேட்காமல் போய், பட்டத்தோடு அதே வார்டில் அதே சம்பளத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

தனியாகப் போகாதே. படிக்க ஆசைப்படும் மற்ற சிஸ்டர்களையும் கூட்டிக்கொண்டு நர்சிங் சூப்பரிண்டெண்டைப் பார். எல்லாம் எழுத்தில் வரட்டும். வந்தபின் மனசை வேறெங்கும் விடாமல் படி. வடசென்னைக்குப் படித்த செவிலியர் நிறையப் பேர் வேண்டும். அதில் நீயும் ஒருத்தியாக இரு.

அன்புடன்,
உன் அக்கா