எல்க் மான் வேட்டையும் சுமைக்கணக்கும்

வட அமெரிக்காவின் மேற்பகுதியில் வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கும் ராக்கி மலைத்தொடரில் வாழும் பெருமானை அந்நாட்டார் எல்க் என வழங்குவர். இப்பெயர் பிழைபட அமைந்ததொன்றாம். ஐரோப்பாவில் எல்க் எனப்படுவது பிறிதொரு விலங்கு. அதனையே அமெரிக்கர் மூஸ் என்கின்றனர். கடல் கடந்து குடியேறிய ஆங்கிலேயர், தாம் முன் கண்டிராத மானுக்குத் தாம் கேட்டிருந்த பெயரைச் சூட்டிவிட்டனர் போலும். ஷானி என்னும் பழங்குடியினர் மொழியில் இதற்கு வாப்பிட்டி என்று பெயர். வெள்ளிய பின்புறத்தை உடையது என்பது பொருள். நம் மலைகளில் உலவும் கடமானுக்கு இஃது உறவினதாதலின், கடமானைக் கண்டோர் இதன் தோற்றத்தை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். நன்கு வளர்ந்த ஆண் ஏறக்குறைய 700 பவுண்டு, அஃதாவது 300 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ளது. பெண் 500 பவுண்டு அளவினது. இவ்வெண்களை அன்பர்கள் நினைவிலிருத்துக. இக்கட்டுரை முழுவதும் இவற்றையே பற்றி நிற்கின்றது.

இக்கல்லூரியை விட்டு நீங்கிக் கொலராடோ மாநிலத்தில் குடியேறிய பின், உடன் தொழில் புரியும் நண்பர் ஒருவருடன் யாம் இருமுறை இவ்வேட்டைக்குச் சென்றோம். குதிரையுமின்றி வழிகாட்டியுமின்றி, கூடாரத்தையும் உணவையும் முதுகிற் சுமந்து, சர்க்காருக்குரிய மலைக்காட்டினுள் நடந்து சென்று தங்கி வேட்டையாடும் முறை இது. முதன்முறை செல்வோர், மான் எங்கே இருக்கும், எத்துப்பாக்கி நன்று என்னும் இரண்டையுமே வினவுவர். யாமும் அங்ஙனமே வினவினோம். முதற்கண் வினவவேண்டுவது அதுவன்று. மான் விழுந்த பின் அதன் இறைச்சி கெடுமுன் பாதைக்கு வந்து சேருமா என்பதே முதல் வினா. ஏனைய ஏற்பாடுகளெல்லாம் அதற்கு விடை கண்ட பின்னரே திட்டமாகும்.

இதற்குள் நம் மாணவரிற் சிலர், உயிரைக் கொல்லும் தொழிலைக் கல்லூரி மலரில் விரித்துரைப்பது தகுமோ எனக் கேட்கக்கூடும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடமான் வேட்டை குற்றமே. அது தக்கதே என்பது எம் கொள்கை. ஆங்கு நிலைமை வேறு. ஐரோப்பியர் வருமுன் ஒரு கோடி அளவில் இருந்ததாக மதிக்கப்படும் எல்க், விற்பனைக்காகக் கட்டின்றிக் கொல்லப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்திற்கும் குறைந்தது. பின்னர் விற்பனை வேட்டை தடுக்கப்பட்டது. பருவமும் தொகையும் வரையறுக்கப்பட்டன. 1937-ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் துப்பாக்கி, தோட்டா முதலியவற்றின் மீதான வரிப்பணம் விலங்குப் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது. இன்று அம்மான் பத்து லட்சம் அளவில் உள்ளது. அவற்றுள் பெருந்தொகை கொலராடோவிலேயே வாழ்கின்றது. வேட்டைச்சீட்டின் விலையே அம்மாநிலத்து விலங்குத்துறையின் வருவாயில் பெரும்பங்கு. இவ்வளவில் இவ்வாதத்தை நிறுத்துகின்றோம்.

இனிப் பொதுநிலம் என்பது யாதெனக் காண்போம். 1905-இல் ஏற்பட்ட வனச்சேவைத் துறையும், 1946-இல் ஏற்பட்ட நிலமேலாண்மைத் துறையும் மேற்கு மாநிலங்களில் கோடிக்கணக்கான ஏக்கரை நாட்டு மக்கள் பொருட்டு ஆள்கின்றன. அரசரும் ஜமீன்தாரும் வைத்திருந்த வேட்டைக்காடுகளையே கேட்டறிந்த நமக்கு, கூலிவேலை செய்வானும் கோடீசுவரனும் ஒரே உரிமையுடன் புகும் காடு ஒரு வியப்பே. ஆயினும் எல்லையறிதல் எளிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதைக் கம்பெனிகளுக்குச் சதுர மைல் கணக்கில் ஒன்றுவிட்டொன்றாக நிலம் வழங்கப்பட்டமையால், வயோமிங் முதலிய இடங்களில் பொதுநிலமும் தனிநிலமும் சதுரங்கப் பலகை போல் மாறி மாறிக் கிடக்கின்றன. 2021-இல் நான்கு வேட்டைக்காரர் ஒரு பொதுக்கட்டத்தின் மூலையிலிருந்து அடுத்த பொதுக்கட்டத்தின் மூலைக்கு ஏணி வைத்துக் கடந்தனர்; தனிநிலத்தில் அவர் கால் படவில்லை. எனினும் வழக்கு எழுந்தது. 2025-இல் மேல்முறையீட்டு மன்றம் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆதலின் எல்லை காட்டும் நிலப்படமொன்றைக் கைக்கருவியிலும், காகிதத்திலொன்றைப் பையிலும் வைத்திருத்தல் வேண்டும். மின்கலம் தீர்ந்த கருவி வழி சொல்லாது.

யாம் தேர்ந்த இடம் வடமேற்குக் கொலராடோவிலுள்ள பிளாட் டாப்ஸ் என்னும் மேட்டுநிலம். அங்குள்ள டிராப்பர்ஸ் ஏரியின் கரையில் வீட்டுமனைகள் பிரிப்பதற்காக 1919-இல் ஆர்தர் கார்ஹார்ட் என்பாரை வனச்சேவைத் துறை அனுப்பிற்று. அவர் ஏரியைக் கண்டு, ஈண்டு வீடே கூடாதென எழுதினார். 1975-இல் அப்பகுதி சட்டப்படி வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. வனாந்தரத்தில் மோட்டார் வண்டி மட்டுமன்று, கையால் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியும் கூடாது. இறைச்சி வெளிவருவது மனிதன் முதுகிலேனும் குதிரை முதுகிலேனும்தான்.

வேட்டைச்சீட்டைப் பற்றிச் சில சொல்லி மேற்செல்வோம். சில பகுதிகளுக்கான சீட்டு கடையிற் கிடைக்கும். பலவற்றுக்கு நம் பண்டைக் குடவோலை போன்ற குலுக்கல் உண்டு. பெயர் வாராதவர்க்கு ஆண்டுக்கொரு புள்ளி சேரும். புள்ளி மிக்கார்க்கு முதலிடம். வேட்டை நடப்பது இலையுதிர் காலத்தேயாயினும், விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். 1949-ஆம் ஆண்டு முதற்கொண்டு பிறந்தவர் வேட்டைப் பயிற்சிச் சான்று பெற்றிருத்தல் கட்டாயம். ரைபிள் பருவத்தில் ஒளிரும் செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நிற உடையும் தலையணியும் அணிதல் வேண்டும். பல பகுதிகளில் ஒரு கொம்பிலேனும் நான்கு கவடு, அல்லது ஐந்து அங்குல நீளமுள்ள புருவக்கவடு உடைய ஆணையே சுடலாம். கவட்டை எண்ணாது சுட்டவனுக்குச் சட்டம் இரங்காது.

இனி யாம் கூறவந்த கணக்கு. நன்கு வளர்ந்த ஆண்மானின் எலும்பு நீக்கிய இறைச்சியும், கொம்பும், துணிப்பைகளும் சேர்ந்து 240 பவுண்டு எனக் கொள்க. பழகிய உடலினன் மேடுபள்ளத்தில் இடறாது சுமக்கத்தக்கது ஒரு நடைக்கு 60 பவுண்டு. எனவே இறைச்சி மட்டும் நான்கு சுமை. இருவர் செல்வராயின் அவர்தம் கூடாரமும் படுக்கையும் இரண்டு சுமை. ஆக ஆறு சுமை, ஆளுக்கு மூன்று. மூன்று சுமையை வெளிக்கொணர மூன்று முறை இறங்கவேண்டும். இடையே இருமுறை வெறுங்கையுடன் ஏறவேண்டும். ஆக ஐந்து நடை. மான் விழுந்த இடம் பாதையிலிருந்து இரண்டு மைலாயின் ஆளுக்குப் பத்து மைல். சுமையுடன் மணிக்கு ஒரு மைலும், வெறுங்கையுடன் ஒன்றரை மைலும் நடப்பின், ஒன்பது மணி நேரத்தில், அஃதாவது ஒரே பகலில், வேலை முடியும். ஆறு மைலாயின் ஆளுக்கு முப்பது மைல். இருபத்தாறு மணி நேர நடை. அக்டோபர் மாதத்துக் குறும்பகலில் மூன்று நாள். தனியே சென்றவனுக்கு ஐந்து சுமை, ஒன்பது நடை. ஆறு மைலென்றால் ஐம்பத்துநான்கு மைல். படத்தில் நான்கு விரற்கடை தூரம் கூடுதலாகக் குறிப்பது எளிது. அதன் பொருள் இஃதே.

இம்மூன்று நாளையும் இறைச்சி பொறுக்குமோ எனின், அது குளிரைப் பொறுத்தது. எல்க்கின் தோல் தடித்தது; மயிர் அடர்ந்தது. உயிர் நீங்கிய பின்னும் உடற்சூடு உள்ளேயே அடைபட்டு நிற்கும். தொடையெலும்பைச் சூழ்ந்த தசை முதலிற் புளித்துக் கெடும். ஆதலின் விழுந்த உடனே தோலை உரித்து, குடலைத் திறவாமலே நான்கு கால்களையும் முதுகுத்தசையையும் அறுத்தெடுத்து, உட்புறத் தசையை விலாவின் பின்னே கைவிட்டு வாங்கி, காற்றுப் புகும் துணிப்பைகளிலிட்டு நிழலிலே தொங்கவிடுவர். இரவில் நீர் உறையும் குளிரும் பகலில் நிழலும் இருப்பின் சில நாள் தாங்கும். செப்டம்பர் மாதத்து வெயிலிலோ ஒரு நாளும் ஐயமே. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணே விட்டு வருவது அங்குக் குற்றம். குற்றமென எழுதியிராவிடினும் அது கீழ்மையே. கரடிகள் உலவுதலின், இறைச்சி கூடாரத்திலிருந்து நூறு கஜமேனும் விலகி, தொலைவிலிருந்தே பார்க்கக்கூடிய இடத்தில் தொங்கவேண்டும். பாலின அடையாளத்தை இறைச்சித் துண்டொன்றில் இயற்கையாகவே ஒட்டியிருக்க விடவேண்டும் என்பதும் விதி. அறுக்கும் அவசரத்தில் மறக்கத்தக்கது இதுவே. மான்களை உருக்கிக் கொல்லும் மூளைநோயொன்று 1967-இல் கொலராடோவிலேயே முதன்முதல் கண்டறியப்பட்டது. ஆதலால் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு தெரிந்த பின் உண்பது அறிவுடைமை.

மானைக் காண்பதற்குரிய சூழ்ச்சிகள் பல. அவற்றுள் தலையாயது காற்று. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும்; வெயிலேறியதும் மேல்நோக்கி எழும். ஆகவே காலையில் மானுக்குக் கீழ்ப்புறமாகவும், பின்னர் மேற்புறமாகவும் அணுகவேண்டும். கண்ணை ஏமாற்றலாம், செவியை ஏமாற்றலாம். அதன் மூக்கை ஏமாற்றினாரை யாம் அறியோம்.

உடலைப் பற்றி ஒன்று. பத்தாயிரம் அடிக்கு மேல் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தினதில் நூற்றுக்கு எழுபதளவே. வந்த அன்றே மேலேறாது, இடைப்பட்ட உயரத்தில் ஓரிரு நாள் தங்குக. தலைவலியுடன் வாந்தியும் தள்ளாட்டமும் தோன்றின், மருந்து தேடாது கீழே இறங்குக. உடையில் பருத்தி உதவாது. நனைந்த பருத்தி உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். கதராடை போற்றும் குடியிற் பிறந்த எமக்கு இதனை ஒப்புக்கொள்ளச் சிறிது காலமாயிற்று. கம்பளியே துணை. கைப்பேசி அங்கு ஒலியாது; செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் சிறு கருவியொன்றும், செல்லும் இடமும் திரும்பும் நாளும் எழுதி வீட்டில் விட்டுவந்த தாளொன்றும் இன்றியமையாதன.

எம் முதலாண்டு நிகழ்ச்சியைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. அக்டோபர் இறுதியில், கூட்டத்தினின்றும் விலகவேண்டும் என்னும் ஆவலால், ஆறு மைல் உள்ளே சென்று கூடாரமிட்டோம். மூன்றாம் நாள் மாலை, தேவதாரு மரங்களின் ஓரத்தில் ஆறு கவடுடைய ஆணொன்று தனித்து வந்து நின்றது, இருநூறு கஜம், காற்றும் எமக்கு வாய்ப்பாக இருந்தது. நண்பர் துப்பாக்கியைப் பையின் மேல் ஊன்றினார். அன்று பகல் கம்பளியைக் கழற்றிவிடும்படி வெயில் காய்ந்திருந்தது. இரண்டு நாளில் அவர் வேலைக்குத் திரும்பவேண்டும். குதிரைக்காரர் எவரையும் முன்னரே அமர்த்தியிருக்கவில்லை. "எத்தனை நடை?" என்று மெல்லக் கேட்டார். யாம் விரல் விட்டு எண்ணினோம். வீட்டில் போட்டிருக்கவேண்டிய கணக்கை அங்கே, மானைப் பார்த்தவாறே, போட்டோம். "ஆளுக்கு முப்பது மைல்" என்றோம். அவர் சற்று நேரம் அசையாதிருந்து, பின் துப்பாக்கியின் தோட்டாவை வாங்கிவிட்டார். மான் இருட்டும்வரை மேய்ந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை.

மறு ஆண்டு படத்தை விரித்து, பாதையிலிருந்து இரண்டு மைல் ஆரமுள்ள வட்டமொன்று வரைந்து, அதனுள்ளே பிறர் ஏறத் தயங்கும் செங்குத்தான பள்ளத்தாக்கொன்றைத் தேர்ந்தோம். ஏழு நாளும் தேடினோம். சுடத்தக்க மான் கிட்டவில்லை. அம்மாநிலத்தில் எல்க் வேட்டைக்குச் செல்வோரில் நூற்றுக்கு இருபதின்மர்க்கும் குறைந்தோரே வெற்றியுடன் திரும்புவராதலின் இதில் வியப்பில்லை.

வரும் அக்டோபருக்கு அதே பள்ளத்தாக்கு; குதிரைக்காரர் ஒருவரிடமும் முன்னரே பேசி வைத்துள்ளோம். வாரத்தில் மூன்று மாலை, அறுபது பவுண்டு மணலைப் பையிலிட்டு, வீட்டருகேயுள்ள குன்றில் இருவரும் ஏறி இறங்கி வருகின்றோம். அண்டை வீட்டார் முதலில் நகைத்தனர். இப்பொழுது நண்பர் வாராத நாளில், அவர் எங்கே என்று கேட்கின்றனர்.