கடைசியில் நடப்பவர்

அன்புள்ள தம்பிக்கு,

"வேளாங்கண்ணிக்குக் கூட்டமாகப் போகிறவர்களுக்கு மன அமைதி எப்படிக் கிடைக்கும்? ஸ்பெயினில் சாந்தியாகோ பாதையில் தனியாக நடப்பவர்தானே உண்மையான யாத்ரீகர்?" என்று போன வாரம் மயிலாப்பூர் குளக்கரையில் நீ கேட்டது மனத்தை விட்டு அகலவில்லை. எரிச்சலும் உண்டு. உன்மேல் அல்ல, உன்னை அப்படி நினைக்க வைத்த பேச்சின்மேல். தனிமைதான் வேண்டுமென்றால் அடையாறில் தியசாபிகல் சொசைட்டித் தோப்பு இருக்கிறது. அதற்காக யாரும் 300 கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் பிற்பகுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்திய குழுக்கள் மாதா சொரூபம் வைத்த சிறு தேரோடு போவதை நீ பார்த்திருப்பாய். 29-ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகூர் என்று நீளும் வழி, எல்லாம் உனக்குத் தெரிந்தவை. தேருக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டை நீ கவனித்திருக்க மாட்டாய். பாத்திரமும் அரிசியும் ஏற்றிய வண்டி முன்னாலேயே போய்விடும். நடப்பவர்கள் வந்து சேரும்போது உலை கொதித்துக்கொண்டிருக்கும். தார் சுடத் தொடங்கும் முன் எங்கே ஒதுங்குவது என்பதைக் குழுத்தலைவர் பேசி வைத்திருப்பார். வெயில் ஏறுவதற்குள் தூரத்தைக் கடக்க வேண்டும் என்பதால் பாதி ராத்திரி கழிந்ததும் எழுப்பிவிடுவார்கள்.

வரிசையின் கடைசியில் கையில் டார்ச்சோடு ஒருவர் வருவார். அவர் வேகமாக நடக்கத் தெரிந்தவராக இருந்தாலும் வேகமாக நடக்கக் கூடாது. பாதத்தில் கொப்புளம் உடைந்த அம்மா ஒருவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து துணி சுற்றி முடிக்கும்வரை, வருகிற லாரிகளைப் பார்த்து வெளிச்சத்தை ஆட்டியபடி அவர் நின்றுகொண்டிருப்பார். அம்மா எழுந்த பிறகுதான் அவருடைய யாத்திரை நகரும். வழித்துணை என்பது இதுதான், தம்பி. நடக்க நடக்கத் தானாக ஊறிவரும் உணர்ச்சி என்று அதை நினைக்காதே. யாரோ ஒருவர் தலையில் வைத்த வேலை அது.

சாந்தியாகோவுக்கு வருவோம். உன் வீட்டுக்கு அருகே சாந்தோமில் புனித தோமாவின் கல்லறை. சாந்தியாகோவில் சந்தியாகப்பரின் கல்லறை. இரண்டு பேராலயங்களும் அப்போஸ்தலர் கல்லறைமீது எழுந்தவை என்பது மரபு. அந்தச் சந்தியாகப்பர் பாதையைப் பற்றி 12-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'கோடெக்ஸ் கலிக்ஸ்டினஸ்' என்ற நூலில் வரும் புதுமைகளில் ஒன்றை மட்டுமாவது நீ படித்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாய். 1080-இல் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. லொரேன் நாட்டிலிருந்து முப்பது பேர் புறப்படுகிறார்கள். ஒருவரையொருவர் கைவிடுவதில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். ஒரே ஒருவன் மட்டும் சத்தியம் செய்யவில்லை. வழியில் ஒருவன் நோயில் விழுகிறான். ஐந்து நாளில் கடக்கக்கூடிய தூரத்தை அவனைச் சுமந்துகொண்டு பதினைந்து நாளில் கடக்கிறார்கள். பிரனீஸ் மலையடிவாரத்துக்கு வந்ததும் அலுத்துப்போய் விட்டுவிட்டுப் போகிறார்கள். உடன் தங்கியவன் அந்தச் சத்தியம் செய்யாதவன். இருவரும் மலைமேல் ஏறியதும், இரவில், நோயாளி அவன் கண்ணெதிரே இறந்துபோகிறான். அப்போது சந்தியாகப்பர் குதிரைவீரராக வந்து, பிணத்தையும் துணைவனையும் ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் சாந்தியாகோவுக்கு அருகிலுள்ள குன்றில் இறக்கிவிடுகிறார். கைவிட்டுப் போனவர்களின் யாத்திரை செல்லாது என்றும் சொல்லி அனுப்புகிறார்.

இந்தக் கதையை எழுதியவர் பாதையை அறிந்தவர். இல்லையென்றால் ஐந்து நாள், பதினைந்து நாள் என்ற கணக்கு அவர் பேனாவில் வந்திருக்காது. கைவிட்டுப் போனவர்களின் பக்தியை அவர் சந்தேகிக்கவில்லை. பத்து நாள் தாமதத்தை அவர்களால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக, கூடி நடந்தால் எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள் என்று முடிவுகட்டிவிடாதே. யாத்திரையில் ஏற்றத்தாழ்வு கரைகிறது என்று மானுடவியலாளர் விக்டர் டர்னர் எழுதியதைக் கல்லூரியில் உனக்குச் சொல்லியிருப்பார்கள். இராவதி கார்வேயைச் சொல்லியிருக்க மாட்டார்கள். மகாராஷ்டிரத்தில் ஞானேசுவரர் பல்லக்குடன் பண்டரிபுரத்துக்கு நடந்த மானுடவியலாளர் அவர். மராத்தியில் எழுதிய அனுபவம் 1962-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பகலெல்லாம் ஒன்றாகப் பாடி நடந்தவர்களில் பிராமணர்கள் தனியாகவும் மராத்தாக்கள் தனியாகவும் சமைத்து உண்டதை அவர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். அடுப்பைப் பார்க்காமல் யாத்திரையைப் பற்றி எழுதுகிறவர்களை நம்பாதே.

இந்த ஆண்டு கொடியேற்றத்தன்று தி. நகரிலிருந்தோ மயிலாப்பூரிலிருந்தோ பெசன்ட் நகர் மாதா கோயில்வரை மற்றவர்களோடு நடந்து பார். அடுத்த ஆண்டு நீண்ட பயணத்துக்குப் பெயர் கொடுப்பதாக இருந்தால், தினம் எத்தனை கிலோமீட்டர் என்று குழுத்தலைவரிடம் முதலில் கேட்காதே. யார் சமைக்கிறார், எல்லோருக்கும் ஒரே பந்தியா, நடக்க முடியாதவரை என்ன செய்வீர்கள், கடைசியில் யார் வருவார் என்று கேள். கார்வே கட்டுரையின் நகல் மேசையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
உன் ஆசிரியர்