மீயொலி விமானமும் தரையில் விழும் இடியும்

குற்றாலத்தில் சாரல் காலத்தில், ஐந்தருவிச் சாலையிலுள்ள வெண்ணமடைக் குளத்தில் படகு விடுவதை மாணவர்கள் பலர் பார்த்திருக்கலாம். மெல்ல அசையும் படகைச் சுற்றி நீரலைகள் எல்லாத் திசையிலும் பரவும். படகு அலைகளைவிட விரைவாகச் சென்றால், அவை முன்னே ஓட முடியாமல் படகின் இரு புறமும் ஆப்பு வடிவில் விரியும்.

காற்றிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. விமானம் காற்றைத் தள்ளும்போது உண்டாகும் அழுத்த மாறுதல்கள் ஒலியின் வேகத்தில் பரவுகின்றன. விமானம் ஒலியை முந்தினால் அம்மாறுதல்கள் ஒன்றுசேர்ந்து, அதன் பின்னால் கூம்பு வடிவ அதிர்ச்சி அலையாகின்றன. இக்கூம்பு தரையைத் தொடும் இடங்களில் இடி போன்ற முழக்கம் கேட்கும்.

ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில்தான் முழக்கம் எழும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. விமானம் ஒலியை விஞ்சிப் பறக்கும் வழி நெடுகிலும் முழக்கம் உடன் வரும்.

தென்காசிக்கு மேலே பறந்தால்

விமானத்தின் வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது மாக் எண். கூம்பின் அரைக்கோணத்தின் சைன் மதிப்பு, 1ஐ மாக் எண்ணால் வகுத்த ஈவுக்குச் சமம். மாக் 2 எனில் சைன் மதிப்பு 1/2. கோணம் 30 டிகிரி.

கான்கார்டு விமானம் ஏறத்தாழ 18 கி.மீ. உயரத்தில் மாக் 2 வேகத்தில் பறந்தது. அது தென்காசிக்கு நேர்மேலே வடக்கு நோக்கிச் செல்வதாகக் கற்பனை செய்வோம். முழக்கம் நம் காதை எட்டும்போது விமானம் எங்கே இருக்கும்? 18ஐ டான் 30ஆல் வகுத்தால் சுமார் 31 கி.மீ. அதாவது, அது வாசுதேவநல்லூரை நெருங்கியிருக்கும்! உயரத்துக்கேற்ப ஒலியின் வேகம் மாறுவதை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த உயரத்திலிருந்து முழக்கம் பாதையின் இரு புறமும் ஏறத்தாழ 48 கி.மீ. வரை பரவக்கூடும். கிழக்கே திருநெல்வேலியின் எல்லையும் மேற்கே புனலூரும் அதற்குள் அடங்கிவிடும். விமானத்தில் இருப்பவர்களோ சுமார் நூறு பேர். அவர்களுக்கு அம்முழக்கம் கேட்பதுமில்லை.

எஞ்சினுக்கு மெதுவான காற்று

கான்கார்டில் நான்கு ஒலிம்பஸ் 593 ஜெட் எஞ்சின்கள் இருந்தன. ஜெட் எஞ்சினின் முன்பகுதியிலுள்ள அமுக்கியின் சிறகுகள் மீயொலி வேகக் காற்றை நேரடியாக ஏற்கமாட்டா. எனவே எஞ்சினுக்கு முன்னால் ஒரு நீண்ட காற்றுவாயில் அமைத்தனர். அதிலுள்ள சாய்தகடுகள் வேகத்துக்கேற்ப அசைந்து, அதிர்ச்சி அலைகளை வேண்டிய இடத்தில் உண்டாக்கின. அவற்றைக் கடந்த காற்று மாக் 2லிருந்து ஏறத்தாழ மாக் 0.5க்குத் தணிந்தது, அதன் அழுத்தமோ பல மடங்கு உயர்ந்தது.

இந்த அழுத்தமே விமானத்தை முன்னே தள்ள உதவியது. மாக் 2இல் மொத்த உந்துவிசையில் சுமார் 63 விழுக்காடு காற்றுவாயில் அமைப்பிலிருந்தும், 29 விழுக்காடு பின்புறக் கூம்புக்குழலிலிருந்தும், 8 விழுக்காடு மட்டுமே எஞ்சினிலிருந்தும் கிடைத்ததாகக் கணக்கிட்டனர். எஞ்சின் இல்லாமல் மற்ற இரண்டும் வேலை செய்யா என்பதை மறக்கக்கூடாது. தரையில் தொல்லையாகும் அதே அதிர்ச்சி அலை, எஞ்சின் வாயிலில் துணையாகிறது!

இந்திய வானில்

1969 மார்ச் 2இல் முதன்முதலாகப் பறந்த கான்கார்டு, 1976இல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. 1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்குச் சேவை தொடங்கிற்று. முழக்கத்தைக் காரணம் காட்டி மலேசியா மறுக்கவே, அது சில நாட்களில் நின்றது. 1979இல் மீண்டும் தொடங்கினாலும், இந்திய வானில் மீயொலி வேகத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை, 1980இல் முடிவுற்றது. வேகமே விற்பனைப் பொருளான விமானம் மெதுவாகப் பறந்தால் யாருக்கு இலாபம்? எரிபொருட் செலவும் மிக அதிகம். 2003இல் கான்கார்டு ஓய்வு பெற்றது.

இனி என்ன?

அலைகள் ஒன்றுசேர்வதால்தான் முழக்கம் பெரிதாகிறது. சேரவிடாமல் தடுத்தால்? இக்கேள்விக்கு விடை காணவே அமெரிக்காவின் நாசா, எக்ஸ்-59 என்னும் ஆய்வு விமானத்தை உருவாக்கியது. நீண்டு கூர்ந்த மூக்கும், முதுகின்மேல் பொருத்திய எஞ்சினும் அலைகளைப் பிரித்து, இடியை மெல்லிய 'தொப்' ஓசையாக்க வேண்டும் என்பது நோக்கம். 2025 அக்டோபர் 28இல் அது முதன்முறையாக, ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் பறந்தது. கீழே வாழும் மக்கள் அந்த ஓசையை ஏற்பார்களா என்பதை அறிவதும் இத்திட்டத்தின் ஒரு பகுதியாகும். பறப்பவரின் நேரம் மிச்சமாவது மட்டும் போதாது. கீழே உறங்குபவரின் அமைதியும் கணக்கில் வரவேண்டும் அல்லவா?

கணக்கிட்டுப் பாருங்கள்: 16.8 கி.மீ. உயரத்தில் மாக் 1.4 வேகத்தில் செல்லும் விமானத்தின் ஓசை நம்மை எட்டும்போது, அது எவ்வளவு தூரம் கடந்திருக்கும்? (விடை: சுமார் 16.5 கி.மீ.)